எலி கடித்தால் செய்யவேண்டியது யாது?

(டி. கல்லுப்பட்டியில் கூட்டுறவு சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கூட்டுறவு சங்கக் கூட்டமென்றால் கடன், வட்டி, தவணை, உரம், விதை, கிட்டங்கி ஆகிய இவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று எலிக்கடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றவுடன் உங்களிற் சிலர் புன்னகை செய்கிறீர்கள். அதில் வியப்பில்லை. கரிசற்காட்டில் பிறந்து வளர்ந்தவர்களுள் எலியிடம் ஒரு தடவையேனும் கடிபடாதவர் அரியர். வரப்பை வெட்டும்போதும், சோளத்தட்டைப் படப்பைப் பிரிக்கும்போதும், குலுக்கைக்குள் கைவிடும்போதும், கிட்டங்கியில் மூட்டை புரட்டும்போதும், பொறியில் அகப்பட்டதை எடுக்கும்போதும் விரலில் பல் பதிவது நமக்குச் சர்வசாதாரணமான சங்கதி. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டு, வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். பெரும்பாலும் அதனால் ஒன்றும் நேருவதுமில்லை. நூறு தடவை ஒன்றும் நேராதபடியால் நூற்றோராந் தடவையும் அப்படியே இருந்துவிடுகிறோம். அந்த ஒரு தடவையைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

எலி கடித்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் நாம் முதன்முதற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. "எலியைக் கண்ணால் கண்டாயா?" என்பதே அது. கண்டேன், கடித்துவிட்டு ஓடிற்று என்றாலும், கையில் அகப்பட்டிருந்தபோது கடித்தது என்றாலும் சரி. அதற்குரிய சிகிச்சையைப் பின்னர்ச் சொல்லுகிறேன். காணவில்லை, வளைக்குள் கைவிட்டபோது சுருக்கென்றது, இருட்டில் ஏதோ கடித்தது, தூக்கத்தில் கடித்தது, எலியாகத்தான் இருக்கும் என்று பதில் வருமானால், அதை எலிக்கடி என்று கொள்ளலாகாது. பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு, அல்லவென்று டாக்டர் சொல்லுமட்டும் அவ்வாறே நடத்தவேண்டும்.

இது வீண் பயமுறுத்தலன்று. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்கிறோம். எலி வளைக்கும் அதுவே கதி. எலி இருக்குமிடத்தைத் தேடியே பாம்பு வருகிறது. கோடையில் கரிசல் நிலம் வெடித்து வாய்பிளந்து கிடக்கையில், அந்த வெடிப்புகளும் அவற்றோடு சேர்ந்த வளைகளும் நல்லபாம்புக்கும் விரியனுக்கும் நல்ல நிழலாகின்றன. வெளியிலிருந்து பார்க்கும்போது புது மண் தள்ளியிருக்கிறது, ஆகவே உள்ளே எலிதான் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். காலையில் எலி மண் தள்ளிய வளைக்குள் மாலையில் பாம்பு நுழைந்திருக்கக்கூடாது என்று ஏதேனும் நியதியுண்டா?

இவற்றிலும் கொடியது கட்டுவிரியன். அது இரவில் நடமாடுவது, வீட்டுக்குள்ளும் வரும், தரையில் பாய் விரித்து உறங்குகிறவர்களைக் கடிக்கும். அதன் பல் மிகச் சிறியது. கடித்த இடத்தில் வீக்கமும் வலியும் அநேகமாக இரா. சில சமயம் தடமே தெரியாது. விழித்தவர், எலியோ பூச்சியோ என்று முணுமுணுத்துவிட்டுப் புரண்டு படுப்பார். சில மணி நேரம் சென்றபின் வயிற்றுவலி என்பார்; வாந்தி எடுப்பார். வீட்டிலுள்ளவர்கள் ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். விடியற்காலையில் கண்ணிமை மேலெழாமற் சரியும், பார்வை இரண்டிரண்டாய்த் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சுக் குழறும், மூச்சுத் திணறும். அப்போதுதான் இரவு ஏதோ கடித்த ஞாபகம் வரும். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரமெல்லாம் "எலிதான்" என்ற ஒரு சொல்லிலே கழிந்துபோயிருக்கும்.

இரண்டு புள்ளி பதிந்திருந்தால் பாம்பு, கீறியிருந்தால் எலி என்று பல்தடம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களிடத்தில் எனக்கு மரியாதையுண்டு; அந்தத் தீர்ப்பில் நம்பிக்கையில்லை. எலிக்கும் முன்பற்கள் மேலே இரண்டும் கீழே இரண்டும் உள்ளன. பாம்பின் பல்லோ ஒற்றைப் புள்ளியாகவும் படும், இரட்டையாகவும் படும், வெறுங் கீறலாகவும் படும். மிளகைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று சோதிப்பதும் இத்தகையதே.

ஆகவே, கடித்தது எதுவென்று காணாதபோது செய்யவேண்டியதாவது: கடிபட்டவரை நடக்கவிடாமல் உட்காரவைத்து, தைரியம் சொல்லி, மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கையையோ காலையோ ஒரு மரச்சட்டத்தோடு சேர்த்து அசையாதபடி தளர்வாகக் கட்டுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல் இம்மூன்றும் கூடா. 108 என்ற எண்ணுக்குச் சொன்னால் விலையின்றி வண்டி வரும். நம் ராஜ்யத்தில் இவ்வேற்பாடு 2008-ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. பேரையூருக்கோ, திருமங்கலத்துக்கோ, நம் பாட்டனார் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றழைத்த மதுரை இராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோகலாம். அங்கே சிறிது இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடிவிரியன் முதலியவற்றின் விஷம் ஏறியிருப்பதாக அறிவார்கள். கட்டுவிரியன் விஷம் இச்சோதனையில் அகப்படாது. அதனாலேதான், உடம்பு நன்றாயிருக்கிறதே என்று நாம் புறப்பட நினைத்தாலும், ஒருநாள் இருந்து போகும்படி டாக்டர் கட்டாயப்படுத்துகிறார். அவரோடு வழக்காடவேண்டாம். எலிதான் என்று முடிவானாலும் ஒருநாட் கூலியே நஷ்டம்.

விஷத்தை முறிக்கும் ஊசிமருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கும் பொதுவாகச் செய்யப்படுவது. அம்மருந்து செய்வதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரித்துக் கொடுத்துவருவோர் யாரென்று தெரியுமா? அதுவும் நம்முடையதுபோல ஒரு கூட்டுறவு சங்கமே! மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில் 1978-ல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவு சங்கம் அது. வளை வாயில் மண்சட்டி வைத்துப் புகையூதி வயலெலி பிடிப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த மக்கள் அவர்கள். பாம்பைப் பிடித்து, விஷத்தைக் கறந்துகொண்டு, மறுபடியும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். கூட்டுறவினால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் இச்சங்கத்தைக் காட்டுவது வழக்கம். இன்னொரு செய்தி: 2024 நவம்பரில் சர்க்கார், 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி, பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயமாய்த் தெரிவிக்கவேண்டிய விஷயமாக்கியிருக்கிறது. எலி என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டவர்களின் கணக்கு அதில் எப்படி வரும்?

இனி, எலியையே கண்ணாற் கண்டு கடிபட்டவர் செய்யவேண்டியதைச் சொல்லுகிறேன். வயலெலி, வெள்ளெலி, சுண்டெலி, பெருச்சாளி, வீட்டெலி, அணில் எல்லாவற்றுக்கும் இது பொது. மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததன்று என்று பிராணி சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். கடித்தால் செய்யவேண்டியது இதுவே.

உடனே கழுவுதல். மற்றெல்லாம் இதற்குப் பின்னர்தான். குழாயடியிலோ பம்புசெட்டு வாய்க்காலின் தலைப்பிலோ, ஓடும் நீரில், சவுக்காரம் போட்டுப் புண்ணின் உள்ளே நீர் பாயும்படி 15 நிமிஷம், அதாவது அரை நாழிகைக்குச் சற்று மேலாகவே, கழுவவேண்டும். சொம்பில் மொண்டு இரண்டு தடவை ஊற்றுவது கழுவுதலாகாது. கண்மாய் நீரும் மாட்டுத்தொட்டி நீரும் ஆகா. சிறிது இரத்தம் வந்தால் வரட்டும். பெருகினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கவும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி, புகையிலை, மண்ணெண்ணெய், சாணி என்று ஊருக்கு ஒரு மருந்து உண்டு. அவை யாவும் புண்ணை எரித்து அழுக்கை உள்ளேயே அடைத்துவிடும். கழுவியபின் சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே, தவறினால் மறுநாளாவது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும். விரல் மூட்டு, உள்ளங்கை, முகம் ஆகிய இடங்களில் ஆழமாகக் கடித்திருந்தால் மறுநாள் என்ற பேச்சே கூடாது. எலியின் பல் உளிபோலக் கூரியது. விரலில் வெளிக்காயம் சிறிதாயினும் நரம்புவரை, மூட்டுவரை சென்றிருக்கும். சீழ் கட்டிவிட்டால் விரல் மடங்காமலே போவதுண்டு. களையெடுக்கும் கைக்கு அது எவ்வளவு நஷ்டம்!

அங்கே போடவேண்டிய ஊசி ரணஜன்னிக்கு எதிரானது. அந்நோயின் கிருமி வித்தாகி மண்ணிலும் சாணத்திலும் வருஷக்கணக்காய்ச் சாகாமற் கிடக்கும். எலிப்பல் போட்ட ஆழ்ந்த சிறு துளை அதற்கு உவப்பான இடம். கடைசியாக அவ்வூசி எப்போது போட்டது என்று கேட்பார்கள்; 5 வருஷத்துக்கு மேலாகியிருந்தால் மறுபடி போடுவார்கள். நம் ஆண்மக்களிற் பலர் பள்ளிக்கூட நாளுக்குப்பின் அதைப் போட்டுக்கொண்டதேயில்லை. பெண்மக்கள் கர்ப்பகாலத்திற் போட்டுக்கொண்டிருப்பதால் இவ்விஷயத்தில் நம்மைவிட ஒரு படி முன்னே நிற்கிறார்கள்.

வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசி வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. எலி, அணில் முதலியவற்றின் கடிக்கு அது அபூர்வமாகவே வேண்டியிருக்கும் என்பது நம் தேச வைத்திய நிபுணர்களும் உலக சுகாதார ஸ்தாபனத்தாரும் கொண்டுள்ள அபிப்பிராயம். ஆயினும் கடித்தது எலியா கீரிக்குட்டியா என்ற சந்தேகமிருந்தாலும், பட்டப்பகலில் சீண்டாமலே அது பாய்ந்து கடித்திருந்தாலும், அதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கீரி, நரி, நாய், பூனை இவற்றின் கடிக்கு அவ்வூசி வேண்டும். நிர்ணயம் அவருடையது, உண்மையைச் சொல்லுவது நம்முடையது.

கழுவியாயிற்று, ஊசியும் போட்டாயிற்று, புண்ணும் ஆறிற்று. இத்தோடு விஷயம் முடிந்ததென்று எல்லோரும் எண்ணுவார்கள். எலிக்கடிக்கே உரிய காய்ச்சல் ஒன்று உண்டு. அது வருவது புண் ஆறிய பின்னர்தான். பெரும்பாலும் கடித்த 3 நாளிலிருந்து 10 நாளுக்குள், சில சமயம் 3 வாரம் சென்றபின்னும், குளிரோடு ஜுரம், தலைவலி, வாந்தி, கைகால் மூட்டுகளில் வலியும் வீக்கமும், உள்ளங்கை உள்ளங்காலில் சிவந்த தடிப்பும் காணும். மற்றொரு வகையில், ஆறிய கடிவாயே திரும்ப வீங்கிக் கறுத்துப் புண்ணாகி, அக்குள் அல்லது தொடைச்சந்தில் நெறி கட்டி, ஜுரம் சில நாள் விட்டு விட்டு வரும். சிகிச்சை செய்யாமல் விட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறப்பதாகக் கண்டிருக்கிறார்கள். பென்சிலின் முதலிய மருந்துக்கோ இது எளிதில் கட்டுப்படும். ஆனால் டாக்டர் பென்சிலின் கொடுக்கவேண்டுமானால், எலி கடித்த சங்கதி அவருக்குத் தெரியவேண்டும். பத்து நாளைக்கு முன் ஆறிப்போன புண்ணை நாம் சொல்லுவதில்லை, அவர் கேட்பதுமில்லை. கொசுக்காய்ச்சல் என்று எண்ணிப் பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கும்.

நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். சுசுருத ஸம்ஹிதையில் எலிகளைப் பதினெட்டு வகையாகப் பிரித்து, அவற்றின் விஷத்தால் வரும் ஜுரத்தையும் தடிப்பையும் நெறிகளையும் விவரித்திருக்கிறது. ஜப்பானியர் இந்நோயைத் தம் மொழியில் எலிவிஷம் என்றே பொருள்படும்படி சொடொகு என்று அழைத்துவந்தார்கள். பம்பாயில் வைத்திய அதிகாரியாயிருந்த வாண்டைக் கார்ட்டர் என்பவர், நம் நாட்டு எலியொன்றின் இரத்தத்தில் திருகாணிபோன்ற கிருமி இருப்பதை 1888-ல் எழுதிவைத்தார். அதுபோன்ற கிருமியே இந்நோய்க்குக் காரணம் என்பதை ஜப்பானிய வைத்தியர்கள் 1916-ல் விளக்கினார்கள். நான் முதலிற் சொன்ன வகை வேறொரு கிருமியால் வருவது. அதற்கு எலி கடிக்கவேண்டிய அவசியங்கூட இல்லை. அமெரிக்காவில் ஹேவர்ஹில் என்ற ஊரில் 1926-ல் பலருக்கு ஒரே சமயத்தில் அது கண்டபோது, காய்ச்சாத பாலின்மேலேயே சந்தேகம் விழுந்தது. பால் கூட்டுறவு சங்கத்து அங்கத்தினர்கள் இதைக் கவனிப்பார்களாக. கேனை மூடாமல் இரவில் வைப்பது ஆகாது.

எலிக்காய்ச்சல் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்களே, அது வேறு. அது பெரும்பாலும் கடியினால் வருவதன்று. எலி முதலிய பிராணிகளின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் வேலை செய்யும்போது, காலிலுள்ள வெடிப்பு, கீறல் வழியாக உட்புகுவது அது. பெயர் ஒற்றுமையால் மயங்கவேண்டாம். இரண்டிலும் டாக்டரிடம் எலியைப் பற்றிச் சொல்லவேண்டும் என்பது மட்டும் ஒன்றே.

எலி கடித்தால் தூக்கம் கலையும் என்று நினைக்கிறோம். கலையாதவர்களும் இருக்கிறார்கள். பல வருஷம் நீரிழிவுள்ளவர்க்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். தொழுநோயால் உணர்ச்சியிழந்தவர்க்கும் அப்படியே. அவர்கள் உறங்கும்போது எலி கால்விரலைக் கொறித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. காலையில் பாயில் இரத்தம் கண்டபின்னரே தெரியும். அத்தகைய புண் ஆறாமல் காலையே எடுக்கும்படி ஆவதுண்டு. வீட்டில் நீரிழிவுள்ள பெரியவர்கள் இருந்தால் படுக்குமுன்னும் எழுந்தவுடனும் அவர்கள் பாதத்தைப் பார்ப்பதை ஒரு வழக்கமாக்குங்கள். பால் குடித்துக் கடைவாய் துடைக்காமல் உறங்கும் சிசுவும் அப்படியே. பால் மணத்துக்கு எலி வரும். வெளியூர் வேலைக்குப் போன மகனோ மருமகளோ இல்லாத வீட்டில், கிழவியும் குழந்தையும் தரையில் படுத்துறங்கும் இடத்தில்தான் இவ்வாபத்து அதிகம். கட்டிலும், ஓரங்களைப் பாயின்கீழ்ச் செருகிய கொசுவலையும் இருந்தால் எலியும் அணுகாது, கட்டுவிரியனும் அணுகாது. கொசுவலையைக் கொசுவுக்கு மட்டும் என்று எண்ணுவது அதன் மதிப்பைக் குறைப்பதாகும்.

பிளேக்கைப் பற்றிக் கேட்பீர்கள். நம் பழைய மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கம்பம் பள்ளத்தாக்கில் அந்நோய் நிலைபெற்றிருந்தபடியால், 1930-களில் அங்கே எலிகளையும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளையும் ஆராய்ந்தார்கள். அதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சியின் கடி. இன்று நம் பக்கத்தில் அந்நோய் இல்லை. ஆயினும் மருந்து வைக்காமலே வீட்டிலோ கிட்டங்கியிலோ எலிகள் கூட்டமாய்ச் செத்து விழுமானால், கையால் தொடாமல் சுகாதார அதிகாரிக்குச் சொல்லியனுப்புவது நல்லது.

கடைசியாக, சங்கத்தின் பங்கு. வீட்டில் கடிபடுவதைத் தவிர்க்க ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளவேண்டியதே. சங்கத்துக் கிட்டங்கியில் கடிபடுகிறவரோ நமக்காக மூட்டை தூக்கும் கூலியாள். மூட்டைகளைச் சுவரை ஒட்டி அடுக்காமல், ஓர் ஆள் நடக்கும் சந்து விட்டு, தரையிற்படாமல் பலகைமேல் அடுக்கினால், எலி பதுங்க இடமின்றிப்போகும்; கைவிடுமுன் கண் பார்க்கவும் முடியும். மூட்டையின் அடியில் வெறுங்கை நுழைக்காமல், கொக்கியால் இழுக்கும்படி சொல்லுங்கள். பொறிக்கூண்டில் அகப்பட்ட எலியைக் கூண்டைத் திறந்து பிடிக்க முயலுவதே பல விரல்களுக்குச் சேதம் விளைப்பது. கூண்டோடு வாளி நீரில் அமிழ்த்திவிடலாம். தஞ்சாவூர்க் கிட்டியில் மாட்டியதும் செத்தது என்று எண்ணித் தொடாமல், குச்சியால் தட்டிப் பார்த்தபின் எடுக்கவும். வரப்பு வளையைச் சோதிக்க மண்வெட்டி இருக்கிறது, கை வேண்டாம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்குக் கைவிளக்கும் செருப்பும் கூடாத ஆடம்பரமல்ல.

கிட்டங்கி வாசலில் ஒரு குழாய், ஒரு சவுக்காரக் கட்டி, சுத்தமான துணிச்சுருள் ஒன்று, சுவரில் 108 என்ற எண், அதன்கீழ் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போகும் வழி, ஆணியில் தொங்கும் ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே தீர்மானம் செய்து வைத்துவிடலாம். கடிபட்டவர் பெயர், நாள், வேளை, கடித்ததைக் கண்டாரா இல்லையா என்ற நாலு சங்கதியை அந்த நோட்டில் குறித்து, அதே நாலு வரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் கையிலும் கொடுக்கவேண்டும். மூன்று வாரத்துக்குள் ஜுரம் வந்தால் அந்தக் காகிதத்தை டாக்டரிடம் நீட்டினால் போதும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு சங்கத்தின் சில்லறைச் செலவுக் கணக்கிலேயே அடங்கிவிடும்.